என் கதாநாயகி 11 மாதமாகக் கதவருகே நிற்கிறாள்

கிறுக்கல்காரி
திங்கள், இரவு 11:47

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போகிறவளாகத்தான் இருந்தேன். முதல்முறையாக இந்த மன்றத்தில் நானே ஓர் உரையாடல் இழை தொடங்குகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு கையால்தான் தட்டுகிறேன். இன்னொரு கையில் சின்னவன் தூங்குகிறான்.

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மகளுக்கு 5 வயது, மகனுக்கு 14 மாதம். திருமணத்துக்கு முன்னால் 6 சிறுகதை எழுதினேன், 2 அச்சில் வந்தன. அப்புறம் ஒரு நாவல் ஆரம்பித்தேன். 4 அத்தியாயம் முடித்தேன். 5-ஆவது அத்தியாயத்தில் கதாநாயகி பல வருடம் கழித்துத் தன் அக்கா வீட்டுக்கு வருகிறாள், கதவைத் தட்டுகிறாள். அந்த இடத்தில் மகன் அழுதான், மடிக்கணினியை மூடினேன். ஆயிற்று 11 மாதம். அவள் இன்னும் அந்தக் கதவருகேதான் நிற்கிறாள். கையில் பெட்டி வேறு.

நேரமே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இரவு 10 மணிக்கு மேல் கொஞ்சம் கிடைக்கிறது. கோப்பைத் திறக்கிறேன். கடைசிப் பக்கத்தைப் படிக்கிறேன். எங்கே விட்டேன் என்று பிடிபடாமல் முந்தைய அத்தியாயத்துக்குப் போகிறேன். அங்கே ஒரு சொல் உறுத்துகிறது, மாற்றுகிறேன். பக்கத்து வரியும் உறுத்துகிறது. நிமிர்ந்து பார்த்தால் 11:15, கண் சொருகுகிறது. இப்படியே எத்தனை இரவு போயிற்று என்று தெரியாது. முதல் அத்தியாயத்தின் முதல் பத்தியை இப்போது பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கிறது. 5-ஆவது அத்தியாயத்தில் ஒன்பது வரிதான்.

இதில் உறுத்தல் வேறு. எழுத உட்கார்ந்தால் பிள்ளைகளை விட்டுவிட்டோமே என்று இருக்கிறது. பிள்ளைகளோடு இருந்தால் எழுதவில்லையே என்று எரிச்சல் வருகிறது. அலுவலகத்தில் இருக்கும்போது இரண்டும் சேர்ந்து வருகிறது.

நீங்களெல்லாம் எப்படி எழுதுகிறீர்கள்? ‘மனம் இருந்தால் மார்க்கம் உண்டு’ மாதிரி பதில் மட்டும் வேண்டாம். அதை என் மாமியாரே சொல்லிவிட்டார்.


அரைப்பக்கம்
செவ்வாய், காலை 5:08

பதில் போடும் நேரத்தைப் பார்த்தாலே நான் எந்தக் கட்சி என்று தெரிந்திருக்கும்.

டோனி மாரிசன் இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் வேலையும் பார்த்துக்கொண்டு எழுதியவர். பிள்ளைகள் எழுந்து ‘அம்மா’ என்று கூப்பிடுவதற்குள் எழுதியாக வேண்டும் என்ற கட்டாயத்தில்தான் விடிகாலைப் பழக்கம் வந்தது என்று சொல்லியிருக்கிறார். முதல் நாவல் 1970-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 39. எனக்கு 36. இன்னும் 3 வருடம் கையில் இருக்கிறது என்று தினமும் சொல்லிக்கொள்வேன் (அடுத்த வருடம் 2 ஆகிவிடும், அதை நினைப்பதில்லை).

நீங்கள் கணக்குப் பிரிவு என்பதால் கணக்காகவே சொல்கிறேன். காலை 4:45 முதல் 5:30 வரை உட்காருகிறேன். சராசரியாக 150 சொல் வரும். வாரத்துக்கு 5 நாள், வருடத்துக்கு 50 வாரம் என்று வைத்தால் 37,500 சொல். ஒரு சின்ன நாவலுக்குப் போதும். அலாரம் வைத்துப் பாருங்கள்.


ஷிப்ட்செவிலி
செவ்வாய், பிற்பகல் 2:31

அரைப்பக்கம் அக்கா, உங்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் 14 மாதக் குழந்தை இரவில் எத்தனை தடவை எழுகிறது என்று கேட்காமலே 4:45-க்கு அலாரம் வைக்கச் சொல்வதா? பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 11:47-க்கு இழை தொடங்கியவர் 4:45-க்கு எழுந்தால் 5 மணி நேரம்கூடத் தேறாது. அதுவும் சின்னவன் ஒரு தடவையும் எழாமல் இருந்தால்தான்.

நான் செவிலி. காலை, மாலை, இரவு என்று சுழற்சி முறையில் வேலை. இரண்டு பிள்ளைகள். போன வருடம் வீம்புக்கு இரவுப் பணி முடிந்து வந்ததும் எழுதுவேன் என்று உட்கார்ந்தேன். ஒரு வாரம் கழித்து எடுத்துப் படித்தால் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் செத்துப்போன தாத்தா நான்காம் பக்கத்தில் செருப்பை எங்கே என்று கேட்கிறார். பேய்க்கதை என்று சொல்லி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

தூக்கத்தைத் திருடி எழுதுவது கடன் வாங்குவது மாதிரி. வட்டி பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதாக வரும். என் வழி வேறு, வார ஓய்வு நாளில் ஒரே ஒரு தடவை 2 மணி நேரம். மற்ற நாளில் எழுத்துப் பக்கமே போக மாட்டேன், அதற்காக வருத்தப்படவும் மாட்டேன்.


அரைப்பக்கம்
செவ்வாய், மாலை 6:20

சரி, ஒப்புக்கொள்கிறேன். என் மகனுக்கு 9 வயது, விடிய விடியத் தூங்குவான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது நான் என்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். தடுப்பூசி தேதிகள்.


பழையபேனா
செவ்வாய், இரவு 8:55

கிறுக்கல்காரி அம்மா, உன் பதிவை இரண்டு முறை படித்தேன். வயதில் மூத்தவள், அதனால் ஒருமையில் கூப்பிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

எல்லோரும் உனக்கு நேரம் தேடிக் கொடுக்கப் பார்க்கிறார்கள். உன் பதிவில் நேரம் இருக்கிறதே, 10 முதல் 11:15 வரை. அந்த ஒன்றேகால் மணி நேரமும் முழுக்க ‘எங்கே விட்டேன்’ என்று தேடுவதிலேயே போகிறது. நூல் அறுந்து அறுந்து போகிறது, ஒவ்வொரு இரவும் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கிறாய். நெய்யவே இல்லை.

என் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் சின்னவர்களாக இருந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அப்போது கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்.

ஒரு காட்சியை முடித்துவிட்டு எழுந்திருக்காதே. வரியைப் பாதியில் விடு. ‘அவள் சாவியை எடுத்து’ என்று நிறுத்து. மறுநாள் அந்த வரியைப் பார்த்ததும் கை தானாக முடிக்கும், முடித்த வேகத்தில் இன்னும் நாலு வரி வரும். சாமர்த்தியமான காரியம் ஒன்றும் இல்லை, எனக்கு அது தற்செயலாகத்தான் வந்தது. பெரியவன் படுக்கையிலிருந்து விழுந்துவிட்டான், ஓடினேன். மறுநாள் வந்து பார்த்தால் பாதி வரி எனக்காகக் காத்திருந்தது.

இன்னொன்று, பழைய பக்கங்களைத் திறக்கவே திறக்காதே. புதிய தாள், இல்லை புதிய கோப்பு. மேலே ஒரே வரியில் ‘நேற்று: தங்கை வந்தாள். இன்று: அக்கா பேச மாட்டாள்’ என்று குறித்துக்கொள். முந்தைய அத்தியாயத்தில் தவறு இருந்தால் இருக்கட்டும். அதைத் திருத்த ஒரு காலம் வரும், அது பிள்ளை 14 மாதத்தில் இருக்கும் காலம் இல்லை.

பகலெல்லாம் கதையையே நினைத்துக்கொண்டிரு என்று சிலர் சொல்வார்கள். முடியாது. கதை முழுவதையும் தலையில் வைத்துக்கொண்டு யாராலும் வேலை பார்க்க முடியாது. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போ. எனக்கு ஒரு கதையில் ஒன்பது நாள் ‘இவள் ஏன் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை’ என்று ஒரே கேள்வி. துணி மடிக்கும்போது அதுதான், பேருந்தில் அதுதான். பத்தாம் நாள் பையனின் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலருக்குள்ளே அவன் பெயரை நூலால் தைத்திருந்தேன், பள்ளியில் தொலைந்துவிடக் கூடாது என்று. பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்தக் கடிதத்தில் மட்டும்தான் அவள் பெயரை ஒருவர் சரியாக எழுதியிருக்கிறார், அதனால்தான் கிழிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கைக்குக் கிடைத்த மருந்துச் சீட்டின் பின்னால் எழுதினேன். மருந்துக்கடைக்காரர் மறுநாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.


கிறுக்கல்காரி
செவ்வாய், இரவு 10:40

பழையபேனா அம்மா, தாராளமாக ஒருமையில் கூப்பிடுங்கள். ‘நெய்யவே இல்லை’ என்ற இடத்தில் கொஞ்சம் அழுதுவிட்டேன். இன்றைக்குக் கோப்பைத் திறக்கவில்லை. நாளை ஒரு கேள்வியோடு அலுவலகம் போகிறேன்.


பிழைதிருத்தி
புதன், காலை 9:14

நான் ஒரு சிற்றிதழுக்கு வரும் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருக்கிறேன். எனக்கும் ஒரு மகள் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ‘இவருக்கு என்ன தெரியும்’ என்று வரும்.

நான் சொல்லப்போவது கசக்கலாம். நேரமில்லை என்பது பல நாள் உண்மை. சில நாள் அது, கதை நகரவில்லை என்பதற்கு நாம் வைக்கும் கௌரவமான பெயர். பிள்ளை அழுததால் நின்ற கதை பிள்ளை தூங்கியதும் தொடர்ந்திருக்க வேண்டும். 11 மாதம் தொடரவில்லை என்றால் எனக்குக் குழந்தை மேல் சந்தேகம் வராது, அந்தக் கதவு மேல்தான் வரும்.

ஒன்று கேட்கிறேன். கதவு திறந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?


வெள்ளைத்தாள்
புதன், காலை 11:02

அருமை. ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு உதவி கேட்கும் பெண்ணிடம் ‘பிரச்சினை உன் கதையில்தான்’ என்று சொல்ல மனசு வருகிறது பாருங்கள். ஆண்கள் எழுதாமல் இருந்தால் அதற்குப் ‘படைப்பு மௌனம்’ என்று பெயர். நாம் எழுதாமல் இருந்தால் கதை சரியில்லை.


பிழைதிருத்தி
புதன், நண்பகல் 12:30

அவர் எழுத்தாளர் என்பதால்தான் கதையைப் பற்றிக் கேட்டேன். ‘பாவம், குழந்தைக்காரி’ என்று தடவிக்கொடுத்துவிட்டுப் போவது சுலபம். அப்படித் தடவிக்கொடுத்தே என்னை 4 வருடம் எழுதவிடாமல் செய்தார்கள், நல்ல மனசோடுதான்.


வெள்ளைத்தாள்
புதன், நண்பகல் 12:41

சரி. அந்தக் கடைசி வரிக்காக விட்டுவிடுகிறேன். ஆனாலும் கேட்ட விதம் சரியில்லை.


ஓரமாய் ஒருவன்
புதன், இரவு 9:10

உள்ளே வரலாமா? நான் எழுதுகிறவன் இல்லை, என் மனைவி எழுதுகிறார். இந்த இழையைப் படித்ததிலிருந்து வீட்டில் பயந்து பயந்து நடக்கிறேன். நான் தினமும் இரவு ‘இன்றைக்கு எவ்வளவு எழுதினாய்’ என்று அக்கறையாகக் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பக்கத்து அறையில் விளையாட்டுக் காட்டிக்கொண்டிருப்பேன், அவர் எழுதட்டும் என்று. அப்படியும் எழுத்து வரவில்லை என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?


ஷிப்ட்செவிலி
புதன், இரவு 9:26

அண்ணா, முதலில் அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். அது மேலதிகாரி கேட்கிற கேள்வி.

இரண்டாவது, பக்கத்து அறை உதவி ஆகாது. பிள்ளை சிணுங்கினால் நம் காது முதலில் போய்விடும், கை அப்புறம்தான் எழுதும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே போய்விடுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு முன்னால் வராதீர்கள். ‘அவன் உன்னைக் கேட்டான், அதான் வந்துவிட்டோம்’ என்று 20 நிமிடத்தில் வந்து நிற்கக் கூடாது. தண்ணீர் பாட்டில், மாற்றுத்துணி, இருமல் மருந்து எங்கே என்று போன் செய்து கேட்கவும் கூடாது. அவையெல்லாம் போன வாரம் எங்கே இருந்தனவோ அங்கேதான் இருக்கின்றன.


ஓரமாய் ஒருவன்
புதன், இரவு 9:31

கடைசி வரி என் வீட்டுக்குள் வந்து பார்த்தது மாதிரி இருக்கிறது.


பழையபேனா
புதன், இரவு 9:50

தம்பி, கேட்டாயே, அதுவே பெரிது. இன்னொன்றும் செய். அவள் எழுதியதைப் படிக்கக் கொடுத்தால் படி. ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லாதே, எந்த இடம் என்று சொல்.


நடமாடும்பேனா
வியாழன், காலை 8:05

தட்டச்சு செய்யவே கை இல்லாதவர்களுக்காக. நான் போனில் பேசித்தான் எழுதுகிறேன். ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துவிட்டு மைக்கை அழுத்தினால் போதும். பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டே ஒரு காட்சியைச் சொல்லிவிடலாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்தற்குறிகளை நம்ப முடியாது, பெரும்பாலும் எல்லாம் ஒரே நீள வாக்கியமாக வந்து நிற்கும். லகர ளகர ழகரத்தில் நம் வாய் சரியாக இருந்தால்தான் அதுவும் சரியாக இருக்கும். என் பாத்திரம் ஒருத்தி ‘வலி தாங்கவில்லை’ என்றாள், ‘வழி தாங்கவில்லை’ என்று விழுந்தது. அதையே விட்டுவிட்டேன், அந்த இடத்துக்கு அதுதான் பொருத்தமாக இருந்தது. அப்புறம், நம் பிள்ளைகளின் குரலும் உள்ளே வந்துவிடும். போன வாரம் ஒரு கொலைக்காட்சியின் நடுவில் ‘அம்மா சிவப்புக் கார் எங்கே’ என்று இருந்தது.

சொல்லி எழுதுவது மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். வை.மு. கோதைநாயகி அம்மாள் சிறுவயதிலேயே மணமானவர், பள்ளிக்கூடம் போனவர் இல்லை. கதை சொல்ல வரும், எழுத வராது. தன் முதல் படைப்பான நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர்தான் எழுதினார். பிறகு எழுதக் கற்றுக்கொண்டு, ஜகன்மோகினி பத்திரிகையையும் நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். இப்போது நமக்கு அந்தத் தோழி போனுக்குள் இருக்கிறாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.


அரைப்பக்கம்
வியாழன், காலை 8:40

115-ஆ! நான் 37,500 சொல் என்று பெருமை பேசியதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம்.


துளிக்கதை
வியாழன், இரவு 10:15

எல்லோரும் நாவல் நாவல் என்கிறீர்கள். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்வரை சிறுகதை எழுதலாமே? ஆலிஸ் மன்றோ நாவல் எழுதத்தான் நினைத்திருந்தார், பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்குள் முடிக்க முடிந்தது சிறுகதைதான். அதை வைத்தே 2013-இல் நோபல் பரிசு வாங்கினார். அவருடைய முதல் தொகுப்பு 1968-இல் வந்தபோது வயது 37.


வெள்ளைத்தாள்
வியாழன், இரவு 10:52

2024-இல் அவர் மகள் எழுதியதைப் படித்த பிறகு, தாய்மையும் எழுத்தும் என்ற பேச்சில் அந்தப் பெயரை என்னால் முன்பு மாதிரி சொல்ல முடியவில்லை. குழந்தையாக இருந்தபோது மாற்றாந்தந்தை தனக்குச் செய்த கொடுமை தெரிய வந்த பிறகும் அம்மா அவரோடுதான் வாழ்ந்தார் என்று அந்த மகள் எழுதியிருக்கிறார்.


துளிக்கதை
வியாழன், இரவு 11:03

தெரியும். நல்ல தாய் என்று நான் சொல்லவில்லை, குழந்தை தூங்கும் நேரத்துக்குள் அடங்கும் வடிவம் பற்றித்தான் சொன்னேன். ஆனால் நீங்கள் சொன்னதும் எனக்கும் அந்த உதாரணம் கை நழுவுகிறது. விட்டுவிடுகிறேன்.


ஷிப்ட்செவிலி
வெள்ளி, காலை 7:18

வடிவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சிறுகதைக்கு நேரம் குறைவாகப் பிடிக்கும் என்பதை நான் நம்பவில்லை. என் 1,200 சொல் கதை ஒன்று 7 மாதம் எடுத்தது. நாவலில் ஒரு மோசமான பக்கம் இருந்தால் வாசகர் தாண்டிப் போய்விடுவார், சிறுகதையில் தாண்ட இடமே இல்லை. மனசில் நாவல் இருக்கிறவரைச் சிறுகதைக்குத் தள்ளாதீர்கள்.

வேறொரு விஷயமும் சொல்ல வேண்டும், செவிலியாக. கிறுக்கல்காரியைக் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, படிக்கிற எல்லோருக்கும். எழுத்து மட்டும் வரவில்லை என்றால் அது எழுத்துப் பிரச்சினை. எழுத்து, பாட்டு, தோழிகள், பிள்ளையின் சிரிப்பு எதுவுமே இரண்டு வாரத்துக்கு மேல் மனசைத் தொடவில்லை, பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் மாதத்தில்தான் வர வேண்டும் என்று இல்லை, முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். குணமாகிற நோய்தான். நான் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு 5 மாதம் அதைச் ‘சோம்பல்’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மருத்துவமனையிலேயே வேலை பார்த்துக்கொண்டு.


மறைமுகம்
வெள்ளி, பிற்பகல் 3:47

இதே இழையில் ஒரு சந்தேகம் கேட்கலாமா? எனக்குக் கதைக்கரு வருவதெல்லாம் என் மகளிடமிருந்துதான். அவள் சொல்வது, பயப்படுவது, பொய் சொல்வது. சிறு சிறு கதைகளாக முகநூலில் போட்டு வந்தேன், நல்ல வரவேற்பு. இப்போது அவளுக்கு 11 வயது. போன மாதம் வகுப்புத் தோழி ஒருத்தி ‘நீ 6 வயதுவரை படுக்கையை நனைத்தாயாமே’ என்று கேட்டிருக்கிறாள். அந்தத் தோழியின் அம்மா என் வாசகி. மகள் என்னிடம் கத்தவில்லை. ‘என்னைப் பற்றி எழுதும்போது என்னிடம் கேட்க மாட்டாயா’ என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து ஒரு வரி எழுதவில்லை.


பிழைதிருத்தி
வெள்ளி, மாலை 5:20

இதற்கு எளிய பதில் கிடையாது. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று: அந்தச் சம்பவத்தை என் மகளின் பெயர் தெரிந்த யாராவது படித்து, அவளிடம் போய்க் கேட்க முடியுமா? முடியும் என்றால் எழுதிவிட்டுப் பெட்டியில் வைப்பேன், வெளியிட மாட்டேன். பயத்தை எடுத்துக்கொள்ளலாம், சம்பவத்தை எடுக்க வேண்டியதில்லை. படுக்கை நனைந்த கதையை, ஊர் மாறி வேலைக்கு வந்த 40 வயது ஆள் ஒருவர் விடுதிக் கட்டிலில் வெட்கப்படுவதாக எழுதலாம். அந்த வெட்கம் அதே வெட்கம்தான்.

பழைய பதிவுகளை இன்றே எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டதாக அவளிடம் சொல்லுங்கள். திரும்ப எழுதத் தொடங்கும்போது அவளைப் பற்றி இல்லாத ஒன்றாக இருக்கட்டும்.


மறைமுகம்
வெள்ளி, இரவு 8:12

43 பதிவுகள். எடுத்துவிட்டேன். அவளே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து ‘இது இருக்கட்டும்’ என்று 2 மட்டும் திருப்பி வைக்கச் சொன்னாள். இரண்டிலும் அவள் கெட்டிக்காரியாக வருகிறாள்.


பிழைதிருத்தி
வெள்ளி, இரவு 8:30

நல்ல பதிப்பாசிரியராக வருவாள்.

அலுவலகம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், மறந்துவிடுவேன். இடைவேளையில் எழுதுவது தவறில்லை, ஆனால் அலுவலக மடிக்கணினியில் எழுதாதீர்கள். வேலை ஒப்பந்தத்தில் ‘நிறுவனச் சாதனத்தில் உருவாக்கியவை நிறுவனத்துக்கு’ என்பது போன்ற வரி இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். வேலையை விடும் நாளில் மடிக்கணினியோடு கோப்பும் போய்விடும், எனக்குத் தெரிந்த ஒருவருக்கு 60 பக்கம் அப்படிப் போயிற்று. எழுதியதற்குப் பதிப்புரிமை எழுதிய நொடியிலேயே வந்துவிடுகிறது, பதிவு செய்தால்தான் வரும் என்று பயப்பட வேண்டாம், பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். அதனால் அது ‘உங்கள்’ கோப்பாக, உங்கள் போனில், இன்னொரு பிரதியோடு இருக்கட்டும்.


தாழ்ப்பாள்
சனி, இரவு 12:20

பெண் எழுத வேண்டுமானால் சொந்தமாக ஓர் அறை வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் எழுதினார். எங்கள் வீட்டில் 6 பேர், அறை 2. தாழ்ப்பாள் உள்ள ஒரே இடம் குளியலறை. கவிஞர் சல்மாவும் அந்தக் காலத்தில் வீட்டாருக்குத் தெரியாமல் குளியலறையில்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்கிறார், அதனால் எனக்கு வெட்கமில்லை. குழாயைத் திறந்துவிட்டு எழுதினால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். தண்ணீர் வீணாகிறதே என்று இப்போது வாளி நிறையும்வரை எழுதுவது என்று வைத்திருக்கிறேன். ஒரு வாளிக்கு 8 வரி.


அரைப்பக்கம்
சனி, காலை 5:02

ஒரு வாளிக்கு 8 வரி! இனி என் கணக்கும் வாளியில்தான்.


கிறுக்கல்காரி
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10:58

காணாமல் போய்விட்டேன், மன்னியுங்கள். மகளுக்குக் காய்ச்சல், அப்புறம் மகனுக்கு, அப்புறம் எனக்கு, நடுவில் மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு.

பிழைதிருத்தி கேட்ட கேள்விக்குப் பதில்: தெரியாது. கதவு திறந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. முதலில் உங்கள் மேல் கோபம்தான் வந்தது, பதில் போடாததற்கு அதுவும் காரணம். வெள்ளைத்தாள் எனக்காகச் சண்டை போட்டது ஆறுதலாக இருந்தது. ஆனால் மறுநாள் பேருந்தில் பழையபேனா அம்மா சொன்ன மாதிரி ஒரு கேள்வியைக் கையில் எடுத்தபோது வந்தது இதுதான், ‘அக்காவுக்கு என்ன கோபம்?’ 4 அத்தியாயம் எழுதியிருக்கிறேன், அந்த அக்கா ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. தங்கை பக்கமே நின்று எழுதியிருக்கிறேன். நிஜத்திலும் நான் தங்கைதான், அது வேறு கதை.

காய்ச்சலில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த இரவு பதில் கிடைத்தது. அவள் போர்வையை இழுத்து இழுத்துத் தம்பி பக்கம் போட்டுக்கொண்டிருந்தாள், அவனுக்கு வேண்டியே இருக்கவில்லை, உதைத்துத் தள்ளுகிறான். மறுபடி போடுகிறாள். எனக்கு என் அக்கா நினைவு வந்தது, என் கதையின் அக்கா நினைவும் வந்தது. போனில் முணுமுணுத்து வைத்தேன். நடமாடும்பேனா, ‘போர்வை’ என்பதைக் கடைசிவரை ‘பார்வை’ என்றேதான் எழுதியது உங்கள் தோழி.

அந்தக் கதவுக் காட்சியை வெட்டிவிட்டேன். தட்டவும் இல்லை, திறக்கவும் இல்லை. 5-ஆவது அத்தியாயம் இப்போது வீட்டுக்குள்ளே தொடங்குகிறது, இரண்டு பேரும் படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறார்கள், விளிம்பு சரியாக இல்லை என்று அக்கா மறுபடி மறுபடி இழுக்கிறாள், யாரும் பேசவில்லை. எப்படி உள்ளே வந்தாள் என்று வாசகர் கேட்பாரோ என்று இரண்டு நாள் பயந்தேன். கேட்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. 3 வாரத்தில் 900 சொல். அரைப்பக்கம் அக்கா கணக்குப்படி பாதிகூட இல்லை.

உறுத்தல் போய்விட்டதா என்றால், போகவில்லை. இன்றுகூட, ஞாயிறுதானே, எழுதலாம் என்று கணவரிடம் பிள்ளைகளை ஒப்படைத்தேன், கிளம்பிப்போய் 50 நிமிடம் வெளியே இருந்தார்கள். அதில் 15 நிமிடம் ஜன்னலில் நின்று அவர்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னவன் அசைகிறான். நாளைக்கான பாதி வரியை இங்கேயே போட்டுவிடுகிறேன், சாட்சிக்கு நீங்கள் இருப்பீர்கள்: ‘அக்கா விளக்கை அணைக்கப் போனவள், கையை எடுத்துக்கொண்டு’


பழையபேனா
ஞாயிறு, இரவு 11:09

எடுத்துக்கொண்டு?

அடியே, சொல்லிவிட்டுப் போ. எங்களுக்கும் தூக்கம் வர வேண்டாமா?